பேச்சிப்பாறை 30 அடி, அது எத்தனை நாளுக்கு வரும்? அணை நிலவரத்தில் கணக்குப் போடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் வயல் சானலின் கடைவரம்பில் இருக்கிறது. ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்தாலும் தண்ணீர் எங்களுக்கு வந்து சேருவது கடைசியில்தான், அதனால் நாற்றுப் பாவும் முன்பே இருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று ஒரு மதிப்பு தெரிந்தாக வேண்டும். பத்திரிகையில் தினமும் வரும் அணை நிலவரத்தை வைத்தே அதைப் போட்டுவிடலாம்.

முதலில் எந்த அணைகளைப் பார்ப்பது? பேச்சிப்பாறை (முழு அளவு 48 அடி), பெருஞ்சாணி (77 அடி) இரண்டும் போதும். சிற்றாறு 1, சிற்றாறு 2 (தலா 18 அடி), பொய்கை, மாம்பழத்துறையாறு எல்லாம் பட்டியலில் வரும், உங்கள் வயலுக்கு அவற்றின் தண்ணீர் வருகிறது என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு அட்டவணை. தேதி, அடி, வரத்து, வெளியேற்றம், மழை என்று ஐந்து கட்டம். செல்போனில் கூகுள் ஷீட் போதும், இதற்கென்று தனி ஆப் தேடி அலைய வேண்டாம். ஆனால் அடியை மட்டும் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிராஃப் தாளில் பென்சிலால் குறிக்கிறேன், ஏற்ற இறக்கம் அதில் தெரிகிற மாதிரி சின்னத் திரையில் தெரிவதில்லை.

இனிதான் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். அடி என்பது உயரம், தண்ணீரின் அளவு இல்லை. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு சுமார் 4,350 மில்லியன் கன அடி, அதாவது சராசரியாக அடிக்கு 90. பெருஞ்சாணியோ 77 அடிக்கு சுமார் 2,890தான், அடிக்கு 38கூட வராது. ஒரே ராத்திரி மழையில் பெருஞ்சாணி விறுவிறுவென்று ஏறி நிற்க, பேச்சிப்பாறை அசையாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெருஞ்சாணி 50 அடி, பேச்சிப்பாறை 30 அடி, ஆக 80 அடி இருக்கிறது என்று கூட்டிச் சொல்பவர்களை டீக்கடையில் நானே கேட்டிருக்கிறேன், அந்த 80க்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் இரண்டையும் கூட்டாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் பேச்சிப்பாறைத் தண்ணீர் இடதுகரைச் சானல் வழியாக வந்து, பெருஞ்சாணித் தண்ணீர் இறங்கும் பரளியாற்றோடு சேர்ந்துதான் புத்தன் அணையிலிருந்து நம் பக்கம் பிரிகிறது. கூட்டுவதாக இருந்தால் கன அடியில்தான் கூட்ட வேண்டும்.

அந்தச் சராசரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மலைக்கு நடுவே கட்டிய அணை அடியில் குறுகி மேலே போகப் போக விரியும், அதனால் கீழே உள்ள ஒரு அடியில் தண்ணீர் குறைவு, மேலே உள்ள ஒரு அடியில் அதிகம். 24 அடி என்றால் பாதி அணை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். சரி, உண்மையில் ஒரு அடிக்கு எவ்வளவு? அதை உங்கள் அட்டவணையே சொல்லும். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழியுங்கள், உதாரணமாக மிச்சம் 500 என்றால் அன்று அணையில் சேர்ந்தது 43.2. அதே நாளில் மட்டம் அரை அடி ஏறியிருந்தால் அந்த உயரத்தில் ஒரு அடிக்கு சுமார் 86. ஷட்டரை நடுவில் ஏற்றி இறக்கிய நாட்களை விட்டுவிட்டு, வரத்தும் வெளியேற்றமும் ஒரே சீராக இருந்த நாட்களை மட்டும் எடுங்கள். ஒரு பருவம் எழுதி வந்தால் எந்த உயரத்தில் அடிக்கு எவ்வளவு என்பது கைக்கு வந்துவிடும்.

மிச்சம் சுலபம். இரண்டு அணை இருப்பையும் கன அடியில் கூட்டி, தினசரி வெளியேற்றத்தால் வகுத்தால் நாள் கணக்கு. கூட்டு இருப்பு 3,000 மில்லியன் கன அடி, வெளியேற்றம் விநாடிக்கு 800 கன அடி என்றால் நாளுக்கு 69 மில்லியன் கன அடி போகும், மழையே இல்லாவிட்டாலும் 43 நாள் ஓடும். அடிமட்டத்துத் தண்ணீர் முழுவதும் சானலுக்கு ஏறாது, கொஞ்சம் கழித்தே வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டினால் நம் கவலை போய் ஆற்றங்கரைக்காரர்களின் கவலை தொடங்கும். மறுகாலில் உபரிநீர் திறந்தால் கோதையாற்றில் இறங்கி, திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் போய்ச் சேரும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட மூன்று சந்தேகங்கள். மழையே இல்லாமல் பேச்சிப்பாறைக்கு வரத்து கூடுவது ஏன்? மேலே கோதையாறு மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த தண்ணீரும் இங்கேதான் வருகிறது. மழைக் கட்டமும் அடிக் கட்டமும் ஒத்துப்போகாதது ஏன்? இன்று காலைக் கணக்கில் வரும் மழை நேற்றுக் காலையிலிருந்து பெய்தது, அதனால் மழைக் கட்டத்தை ஒரு வரி மேலே ஏற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் மழை பெய்யும் முன்பே அணை ஏறியது போலத் தெரியும். அடுத்து, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை கோடையில் மைனஸ் அடி காட்டுவது எப்படி என்று ஒருவர் கேட்டார். அளவுகோலின் பூஜ்யம் அணையின் தரை இல்லை, அதற்குக் கீழும் தண்ணீர் கிடக்கும். ஷீட்டில் அதை மைனஸ் குறியோடு அப்படியே போடுங்கள், பூஜ்யம் என்று எழுதிவிட்டால் அந்த மாதங்களில் கோடு தட்டையாகிவிடும்.