ஒக்கினாவாவில் குடியேறுபவர்களுக்கு

ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறீர்களா? வீடு கிடைத்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகம் போய் முகவரியைப் பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டையும் எடுத்துப் போங்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேரவேண்டியவர்கள் அங்கேயே சேரலாம்.

அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன், எந்தக் குப்பையை எந்த நாளில் வைக்கவேண்டும் என்று சொல்லும் குப்பை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் அன்றாடம் தேவைப்படுவது இதுதான். ஒக்கினாவாவின் தலைநகர் நாஹாவில் எரிக்கும் குப்பையை நகராட்சியின் பையில்தான் போடவேண்டும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். பக்கத்து ஊர் உராசோயேவுக்கு வேறு பை. முதல் வாரம் நான் சாதாரண பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். குப்பை எடுப்பவர்கள் ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டிதான் சரியான பையைக் கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே அலசிவிட்டுத் தனியாக வைக்கவேண்டும். அந்த அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

அப்புறம் புயல். ஜூலை முதல் அக்டோபர் வரை கவனமாக இருங்கள். புயலால் சரக்குக் கப்பல் நின்றால் கடைகளில் பாலும் ரொட்டியும் காய்கறியும் சட்டென்று தீர்ந்துபோகும். அரிசி, பருப்பு, குடிநீர், டார்ச், பவர் பேங்க் எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் பால்கனியில் உள்ள துணிக்கம்பு, பூந்தொட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். காற்றில் பறந்தால் அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும்.