ஹாஸ்டல் அறையில் நோட்டு தைக்கலாம்

"அக்கா, செமஸ்டர் லீவுக்குள்ள புதுசா ஏதாவது கத்துக்கணும். எதைக் கத்துக்கலாம்?" என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கும்போதே ஒரு பட்டியல் தயாராக இருக்கும்: கித்தார், வாட்டர்கலர், ரெசின், காலிகிராஃபி, குரோஷே. இதில் எனக்குத் திறமை எதில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த கேள்வி.

திறமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் அறையைப் பாருங்கள். திருச்சியில் எங்கள் ஹாஸ்டலில் அறைக்கு நாலு கட்டில், ஒரே மேசை. பத்து மணிக்கு லைட் அணைக்க வேண்டும். மேலே ஃபேன் எப்போதும் சுற்றும். இந்த அறையில் கித்தார் வாசித்தால் பக்கத்துக் கட்டில்காரி ஒரு வாரம் பொறுப்பாள். ரெசினுக்குக் கையுறையும் நல்ல காற்றோட்டமும் வேண்டும், நாற்றம் வேறு. வாட்டர்கலர் அருமையானதுதான், ஆனால் நல்ல தாள் விலை அதிகம், மலிவான தாளோ தண்ணீர் பட்டதும் அலை அலையாக நெளிந்துவிடும். குரோஷே இந்த அறைக்கு நன்றாகப் பொருந்தும், பஸ்ஸில்கூடப் போடலாம். அதில் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பட்டியலில் பாதி அதிலேயே கழிந்துவிடும். சொல்லித்தர ஆள் இல்லாமல் தனியாகக் கற்கப் போகிறீர்கள் என்றால், செய்த தப்பு உங்கள் கண்ணுக்கே தெரிகிற கலையாக இருக்க வேண்டும். பாட்டில் சுருதி விலகினால் புதிதாகக் கற்பவரின் காதுக்கு அது பிடிபடாது, குரு வேண்டும். நோட்டு பைண்டிங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டை விலகினால் தாள் ஏறி இறங்கி நிற்கும். நூல் தளர்ந்தால் நோட்டு ஆடும். எங்கே சறுக்கியது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். அதோடு முதல் நோட்டை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், மறுநாள் வகுப்புக்கும் எடுத்துப்போகலாம். நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் பைண்டிங்கைச் சொல்வது இதனால்தான்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். எம்பிராய்டரி ஊசி ஒன்று, தடித்த பருத்தி நூல், செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒரு குத்தூசி, ஸ்டீல் ஸ்கேல், கட்டர். ஒரு பிரியாணி விலைக்குள் முடிந்துவிடும். கோணி ஊசி வேண்டாம், அது போடும் ஓட்டை பெரிது. நூலை மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது, முடிச்சும் நழுவாது. மடிப்பை அழுத்தத் தனிக் கருவி விற்கிறார்கள். மெஸ் ஸ்பூனின் முதுகே போதும்.

இப்போது தாள். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆலையில் தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், மடிப்பின் ஓரம் பிசிறடிக்கும். நோட்டின் முதுகும் நார்த்திசையும் ஒன்றாக இருந்தால் பக்கங்கள் தளர்வாகத் திரும்பும். திசையைக் கண்டுபிடிக்கத் தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் அச்சுதான், அதாவது அப்படியே மடித்தால் மடிப்பு விழும் கோடுதான், நார்த்திசை. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கிழித்துப் பாருங்கள். நார்த்திசையில் ஓரளவு நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் (210 × 297 மி.மீ.) நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஏ4 தாளை முதலில் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ஏ5 அளவில் இரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் ஏ6, அதாவது சட்டைப்பை அளவு. இப்போது மடிப்பு நாரோடு சேர்ந்து விழும். முதல் நோட்டுக்கு நான் ஏ6 அளவைச் சொல்வது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

நாலு ஏ4 தாளை வெட்டி எட்டுத் துண்டு ஆக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 32 பக்கம் வந்துவிடும். இப்படிச் செருகிய தாள் அடுக்குதான் ஒரு கட்டு. மேலட்டைக்குப் பழைய மாதக் காலண்டர் தாள் நன்றாக உழைக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடிப்பின் மேல் மூன்று ஓட்டைகள் போடுங்கள்: நடுவில் ஒன்று, மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் ஒன்றரை செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. எல்லாத் தாளையும் மேலட்டையையும் சேர்த்துக் குத்த வேண்டும், குத்தூசி மடிப்பின் கோட்டைவிட்டு விலகக் கூடாது. விலகினால் அட்டையின் முதுகில் உடனே தெரியும்.

நோட்டு உயரத்தைப்போல் மூன்று மடங்கு நூல் எடுங்கள். உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே போங்கள், உள்ளே ஒரு விரல் நீளம் நூலை விட்டுவிட்டு. வெளியே மேல் ஓட்டைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்கு, அங்கே வெளியே. கடைசியாக வெளியிலிருந்து நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே நடுவில் இருக்கும், அவற்றுக்கு இடையே அந்த நீளத் தையல் ஓடும். தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருக்கும்படி பார்த்து இறுக்கி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.

நூலை இறுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுங்கள். தாளுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி இழுத்தால் ஓட்டை கிழிந்து கோடாக நீளும். ஒன்றுக்குள் ஒன்று செருகியதால் உள்தாள்கள் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அது தப்பல்ல, தாளின் தடிமனால் வருவது. ஸ்கேல் வைத்து, கட்டரைப் பலமுறை மெதுவாக ஓட்டிச் சீவிவிடுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் பிளேடு ஓடிவிடும், விரலும் போகும்.

1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே பழைய கையெழுத்துப் புத்தகங்கள் ஒரு ஜாடிக்குள் கிடைத்தன. தோல் உறை போட்ட அந்தப் பாப்பிரஸ் புத்தகங்களில் பெரும்பாலானவையும் இதே மாதிரி ஒற்றை மடிப்புக் கட்டுதான். அதனால் இதைச் சின்னப் பிள்ளை வேலை என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

இனி பழைய நோட்டுகள். செமஸ்டர் முடிந்ததும் எல்லோரிடமும் பாதி காலியான நோட்டு இருக்கும். நடுவில் பின் அடித்த நோட்டில் சரியாகப் பாதி எழுதியிருந்தால், பிரித்ததும் முழுத் தாள் ஒன்றுகூடத் தேறாது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பாதி எழுதியது, மறுபாதி காலி. ஒற்றைத் தாள்கள்தான் மிஞ்சும். கெட்டி அட்டை போட்டுத் தைத்த நோட்டு என்றால் பின்பக்கத்துக் கட்டுகள் முழுசாகக் கழன்று வரும், அவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

ஒற்றைத் தாள்களுக்கு மடிப்பு கிடையாது என்பதால் பக்கவாட்டில் குத்தித் தைக்க வேண்டும். ஜப்பானியர்களின் நாலு ஓட்டைத் தையல் இதற்கு ஏற்றது. தாள்களைத் தட்டிச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் கருப்பு கிளிப் மாட்டி, முதுகிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே நாலு ஓட்டை போடுங்கள். ஆணி வைத்துத் தட்டுவதாக இருந்தால் பகலில் தட்டுங்கள், ராத்திரியில் வார்டன் வந்துவிடுவார். நோட்டு உயரத்தைப்போல் ஆறேழு மடங்கு நூல் வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் நூல் ஒருமுறை முதுகைச் சுற்றிவர வேண்டும், இரு ஓரங்களிலும் தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒருமுறை சுற்ற வேண்டும். இந்த நோட்டு முழுவதும் விரிந்து படுக்காது. ஆகவே கணக்குப் போடவோ படம் வரையவோ ஆகாது, டைரிக்கும் குறிப்புக்கும் நல்லது.

நம் ஓலைச்சுவடியும் ஒற்றை ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவதுதான், ஆனால் கயிறு தளர்வாக இருப்பதால் ஓலையை ஒவ்வொன்றாகத் தள்ளிப் படிக்கலாம். தஞ்சாவூர் பக்கம் போனால் சரஸ்வதி மஹாலில் ஒரு சுவடியை நின்று பாருங்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் துளை எங்கே, அதைச் சுற்றி எழுதாமல் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இரண்டு வகையும் கைக்கு வந்த பிறகு, பல கட்டுகளைச் சங்கிலித் தையலால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் முறைக்குப் போகலாம். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பெயரால் இதைக் காப்டிக் தையல் என்பார்கள். ஒவ்வொரு கட்டைத் தைக்கும்போதும் ஊசி கீழ்க்கட்டின் தையலில் மாட்டித் திரும்பும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதே நல்லது. ஆனால் வீடியோவில் சொல்லாத ஒன்று: எல்லாக் கட்டுகளிலும் ஓட்டைகள் ஒரே இடத்தில் விழ, ஒரு அட்டைத் துண்டில் அளவைக் குறித்து அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக் குத்துங்கள். இப்படித் தைத்த நோட்டு மேசையில் முழுவதும் விரிந்து கிடக்கும். பட நோட்டுக்கு இதைவிட நல்ல பைண்டிங் கிடையாது.

கெட்டி அட்டை, துணி முதுகு என்று ஆசை வரும்போதுதான் பசை தேவைப்படும். பைண்டிங் கடைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் விஷம், ஹாஸ்டல் அறைக்கு வேண்டாம். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவினால் போதும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காய்ந்ததும் அந்தப் பக்கமாக வளையும். உள்பக்கமும் தாள் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் சமமாகிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைக்காதீர்கள், அப்பளமாகிவிடும்.

பழகியவுடன் விற்கலாமே என்று யாராவது சொல்வார்கள். முதல் வருஷம் விற்காதீர்கள். ஆர்டர் வந்தால் ஒரே நோட்டைத் திரும்பத் திரும்பத் தைக்க வேண்டியிருக்கும், புதுத் தையல் பழக நேரம் இருக்காது.

அதற்குப் பதிலாகக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் பைண்டிங் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மார்ச், ஏப்ரலில் வேண்டாம், புராஜெக்ட் ரிப்போர்ட் குவிந்து கிடக்கும், தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஜூலையில் போனால் பேச நேரம் இருக்கும். வெட்டி ஒதுக்கிய தாள் துண்டுகளும் கேட்டால் கிடைக்கும். நீங்கள் தைத்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வாங்கியதும் முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள், அப்போது தையலில் எதைத் தொட்டு என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.