பழைய துணி வாங்கலாமா? சென்னையில் முதல் முறை போகிறவர்களுக்கு

பழைய துணி என்றதும் எங்கள் வீட்டில் நினைவுக்கு வருவது பாத்திரக்காரம்மாதான். நாலு பேண்ட், இரண்டு புடவை போட்டால் ஒரு எவர்சில்வர் டப்பா கிடைக்கும். வீட்டை விட்டுப் பழைய துணி வெளியே போக வழி இருந்தது, உள்ளே வர வழி இல்லை. அதனால் நான் முதல் முறை, தொண்டுக்காகப் பழைய துணி விற்கும் ஒரு சாரிட்டி கடையில் சட்டை வாங்கி வந்தபோது, அம்மா அதை வாசலோடு நிறுத்திவிட்டார். "யார் போட்டதோ என்னவோ. செத்தவங்க துணியா இருந்தா?" என்றார். அப்படியும் இருக்கலாம்தான். என்னிடம் பதில் இல்லை. சட்டை மூன்று நாள் பால்கனியில் தொங்கியது.

இன்றும் அவர் அப்படிப்பட்ட துணியை உடுத்த மாட்டார். ஆனால் நான் கொண்டு வருவதைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்ப்பது அவர்தான். எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது.

படி 1: எந்த மாதிரிக் கடை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாரிட்டி கடை என்றால், மக்கள் இலவசமாகக் கொடுத்த துணியைத் தன்னார்வலர்கள் பிரித்து, நல்லதை மட்டும் விலை போட்டு விற்பார்கள். வரும் பணம் அந்தத் தொண்டு நிறுவனத்தின் வேலைக்குப் போகும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கடை இந்த வகைதான். ஏழைகளுக்கு நேராகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களில் குவிந்து கிடந்த பழைய துணி மூட்டைகளை நினைத்துப் பார்க்கலாம். மீனவப் பெண்களுக்கு வேண்டியது வேறு, லாரியில் வந்து இறங்கியது வேறு. அதே துணி வேண்டியவர் கைக்கு விலைக்குப் போனால், அந்தக் காசு மருந்தாகவோ பள்ளிக் கட்டணமாகவோ மாறும்.

சென்னையில் இப்படிப்பட்ட கடைகள் தெருவுக்குத் தெரு இருக்காது. தொண்டு நிறுவன அலுவலகத்திலேயே ஓர் அறை, சர்ச் வளாகத்தில் ஒருநாள் விற்பனை, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் நடத்தும் சேல், இப்படித்தான் இருக்கும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அகப்படும். கை பழகுவதற்கு நான் சொல்லும் இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. அது தொண்டு அல்ல, வியாபாரம். பழைய ஃபேன், பழைய டிவி, செடி, கோழி எல்லாவற்றுக்கும் நடுவே துணிக் குவியலும் இருக்கும். குனிந்து கிளறிப் பார்க்க அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை.

நடைபாதையில் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று விற்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது திருப்பூர் போன்ற இடங்களில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய புதுத் துணி, பழையது அல்ல.

படி 2: நாள் பார்த்துப் போங்கள்

போகிக்கு முன்னால்தான் சென்னையில் எல்லா அலமாரியும் திறக்கும். எரிக்க மனமில்லாதவர்கள் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பொங்கல் முடிந்த இரண்டு மூன்று வாரங்களில் போனால் கடை நிறைந்திருக்கும். மே மாதமும் நல்ல காலம், வீடு மாறுகிறவர்கள் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் நான் போவதில்லை. ஈரம் கோத்த மூட்டையில் வந்த துணிக்கு ஒரு மக்கல் வாடை இருக்கும். அது சுலபத்தில் போகாது.

படி 3: தயாராகப் போங்கள்

டிரையல் ரூம் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். லெக்கிங்ஸும் மெல்லிய டாப்பும் போட்டுப் போனால் மேலேயே மாட்டிப் பார்க்கலாம். பையில் ஓர் அளவு டேப், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, சில்லறை, சொந்தப் பை. அவ்வளவுதான்.

படி 4: விலைச் சீட்டை அப்புறம் பாருங்கள், முதலில் துணியைத் தொடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, நிறத்தைப் பார்த்து எடுத்து, விலையைப் பார்த்து முடிவு செய்வது. ஐம்பது ரூபாய்தானே என்று வாங்கிய துணிதான் என் அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. ரங்கநாதன் தெருவில் புதுத் துணியே மலிவாகக் கிடைக்கும் ஊர் இது. பழையதை வாங்குவதில் லாபம் இருக்கிறது என்றால் அது துணியின் தரத்தில்தான்.

ஒரு ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். கசங்கியபடியே நின்றால் பருத்தி அல்லது லினன். ஒன்றும் நடக்காதது போல விரிந்தால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு நான் பாலியஸ்டரைத் தொடுவதே இல்லை. வேர்வை வாடை அதில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும், உடுத்தி அரை மணி நேரத்தில் திரும்ப எழும்பும். அதனால் கூச்சப்படாமல் அக்குள் பக்கத்தை மோந்து பாருங்கள். பாச்சை உருண்டை வாடை வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். நாலைந்து நாள் காற்றில் போட்டால் குறைந்துவிடும்.

அடுத்து, உள்பக்கம் திருப்புங்கள். காலர் மடிப்பு, தொடை இணையும் இடம், பாக்கெட்டின் மூலை, இந்த மூன்றும்தான் முதலில் தேயும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேய்ந்த இடம் வலை போலத் தெரியும். பொத்தான் போயிருந்தால் பரவாயில்லை. பேண்ட் ஜிப் போயிருந்தால் தையற்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். கைக்குட்டையை நனைத்து உள்மடிப்பில் தேய்த்தால், சாயம் போகும் துணி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாக்கெட்டிலும் கையை விடுங்கள். எனக்கு ஒரு முறை 21ஜி பஸ் டிக்கெட் கிடைத்தது. முன்னால் அந்தச் சட்டையைப் போட்டவரும் என்னைப் போல ஜி.எஸ்.டி. சாலையில் தொங்கிக்கொண்டு போனவர் போல.

படி 5: பட்டுப் புடவை என்றால் இரண்டு மடங்கு நிதானம்

இங்கேதான் நான் ஏமாந்தேன். அரக்கு நிறம், மாங்காய்க் கரை, நானூறு ரூபாய். வாங்கும்போது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம். அத்தை மகள் வளைகாப்புக்கு உடுத்திப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். 'சர்' என்று ஒரு சத்தம். "ஏண்டி, பின்னாடி கிழிஞ்சிருக்கு பாரு" என்று அத்தை காதோடு சொன்னார். எழுந்தபோது இன்னொரு மடிப்பிலும் விட்டது.

காரணம் எளிது. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த பட்டு, அந்தக் கோட்டில் இற்றுப்போகும். விரிக்காமல் பார்த்தால் தெரியாது. ஆகவே புடவையை முழுக்க விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து லேசாக இழுங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் உடுத்துவதற்கு ஆகாது. தலைப்பை வெட்டிக் குஷன் உறை தைக்கலாம் என்றால் வாங்குங்கள். என் அரக்குப் புடவை இப்போது மூன்று குஷன்.

ஜரிகைக்கு, தலைப்பு ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழையைப் பாருங்கள். அசல் ஜரிகை என்றால் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் இருக்கும். உள்ளே சிவப்பு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் நிறைய எதிர்பார்க்காதீர்கள். 'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்' என்ற போர்டை ஊரெல்லாம் பார்க்கிறோமே, அவர்கள் வாங்குவது வெள்ளிக்காகத்தான். அசல் ஜரிகைப் புடவை பெரும்பாலும் அங்கே போய்விடும். சாரிட்டி கடைக்கு வருவது உருக்க மனம் வராதவர்கள் கொடுத்தது.

குழந்தைகளின் பட்டுப் பாவாடை மட்டும் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துப் பாருங்கள். நாலைந்து முறை உடுத்தியதோடு குழந்தை வளர்ந்திருக்கும். உள்ளே டக் பிடித்து, அதாவது நீளத்தை மடித்துத் தைத்திருந்தால், பிரித்துவிட்டு இரண்டு வருஷம் ஓட்டலாம். டக் இருந்த கோடு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று தெரியும்.

படி 6: அளவும் விலையும்

லேபிளில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பல தடவை துவைத்ததில் சுருங்கியிருக்கும். பேண்டின் இடுப்புப் பட்டையைப் பொத்தான் போட்டபடி கழுத்தைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் பின்னால் தொட்டால் பெரும்பாலும் இடுப்புக்குச் சரியாக இருக்கும். சட்டைக்குத் தோள் சரியாக அமைய வேண்டும். மற்றதைப் பிடித்துத் தைக்கலாம், தோளைச் சரிசெய்வது செலவு. தைத்த பிளவுஸில் பக்கத் தையலுக்குள் துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம்.

பல்லாவரத்தில் பேரம் பேசுங்கள், பேசாவிட்டால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். சாரிட்டி கடையில் பேசாதீர்கள். அங்கே நிற்பவர் சம்பளம் வாங்காமல் நிற்பவராகக்கூட இருக்கலாம். உள்ளாடை, சாக்ஸ் எங்கேயும் வேண்டாம்.

படி 7: வீட்டுக்குள் கொண்டுவரும் முறை

அம்மா பால்கனியில் நிறுத்தியது வீம்பு என்று நினைத்தேன், ஆனால் அதிலும் விஷயம் இருக்கிறது. சொறி சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி மனித உடம்பை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. ஆகவே பையைக் கட்டி மூன்று நாள் தனியே வையுங்கள், அலமாரியில் அல்ல, கட்டிலில் நிச்சயம் அல்ல. தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள்.

பருத்தியை வெந்நீரில் நனைக்கலாம். கொதித்த தண்ணீரும் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 65 டிகிரி வரும், அரை மணி நேரம் ஊறட்டும். கையை விடாமல் குச்சியால் கிளறுங்கள். பிறகு மொட்டை மாடி வெயில். பட்டுக்கு வெந்நீரும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை, நிழலில் உலர்த்தல். ஜரிகை இருந்தால் பாச்சை உருண்டை அதன் மேல் படாமல், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள்.

சின்ன ஓட்டை இருந்தால் டார்னிங் செய்கிறவரிடம் கொடுங்கள். துணியின் ஓரத்திலிருந்தே நூல் உருவி நெய்வார், சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கும்போது துணியைத் துவைத்து உலர்த்திக் கொடுங்கள். அழுக்குத் துணியை வாங்க மாட்டேன் என்று எங்கள் தெருக்காரர் ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.