கரிசல் காட்டில் பூனைப்பருந்து தேட ஒரு மார்கழி நாள்: படிப்படியாக

கசக்ஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பூனைப்பருந்துகள் (ஆங்கிலத்தில் ஹாரியர்), குளிர்காலத்தைத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட மானாவாரி நிலங்களில் கழிக்கின்றன. இவை பெரும்பாலும் மரத்தில் அடைவதில்லை. தரையில், புல்லுக்குள் அடைகின்றன. பகலில் ஆளுக்கொரு திசையாகச் சிதறி வேட்டையாடிவிட்டு, அந்தியில் ஒரே புல்வெளிக்குத் திரும்பும். அதனால் மாலையில் எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையும் மதியமும் அதைச் சுற்றித்தான்.

1. இடம் தேடுதல் (முந்தைய நாள்)

கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, உழாத, மரமில்லாத நிலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் புல் முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். ஆடு மாடு ஒட்ட மேய்ந்த இடமும், சீமைக் கருவேலம் அடைத்த இடமும் உதவாது. அங்கே ஆடு மேய்க்கிறவர்களிடம் "பொழுது சாய வெள்ளைப் பருந்து தாழப் பறந்து இறங்குதா?" என்று கேளுங்கள். எந்தச் செயலியையும் விட இது விரைவாகப் பலன் தரும். பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

2. பைனாகுலர்

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்புக் கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x50 கனமானது, கை நடுக்கத்தைப் பெரிதாக்கும், காட்சிப் பரப்பும் குறுகும். தாழ்வாக வளைந்து வளைந்து பறக்கும் பறவையைத் தொடர அகலமான காட்சிதான் வேண்டும்.

3. காலை 7 முதல் 10 வரை

உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளக் காடுகளின் ஓரம் வண்டியை நிறுத்தி, ஒரே இடத்தில் கால் மணி நேரம் பாருங்கள். பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், இறக்கையை 'வி' போலத் தூக்கி மிதந்து வந்தால் பூனைப்பருந்து. ஒரே இடத்தில் நின்று சிறகடித்தால் அது பெரும்பாலும் தோள் கறுத்த சிறிய வெள்ளைப் பருந்து. ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது.

4. மதியம்

வெயில் ஏறினால் பூனைப்பருந்துகள் உயரே போய்விடும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தின் பக்கம் இருந்தால் வரித்தலை வாத்துகளைப் பார்க்க இதுவே நேரம். பகலில் அவை பெரும்பாலும் தண்ணீரை ஒட்டி ஓய்ந்திருக்கும். அங்கே மட்டும் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) கைகொடுக்கும்.

5. மாலை: எங்கே நிற்பது

பலருக்கும் தவறுவது இங்கேதான். மார்கழியில் ஏறக்குறைய ஆறேகாலுக்குச் சூரியன் மறையும். ஐந்து மணிக்கே போய்விடுங்கள். புல்வெளிக்கு மேற்கே நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். வரும் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல்தான். ஆனால் சூரியன் மறைந்தபின் நிலைமை தலைகீழாகும்: கிழக்கு வானம் இருண்டுவிடும், மேற்கு வெளிச்சத்தில் நிழலுருவங்கள் துல்லியமாகத் தெரியும். ஆகவே இனம் பிரிக்க மேற்குப் பக்கம், எண்ணுவதற்குக் கிழக்குப் பக்கம். இரண்டு பேர் போனால் பிரிந்து நில்லுங்கள். தனியாகப் போனால் மேற்குதான் என் தேர்வு.

புல்லின் விளிம்பிலிருந்து 200 மீட்டராவது தள்ளி, வரப்பிலோ உடைமர நிழலிலோ உட்காருங்கள். டார்ச் அடிக்காதீர்கள், புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். இருட்டில் கிளப்பிவிட்ட பறவை அடைய வேறு இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

6. எந்தப் பூனைப்பருந்து?

தமிழ்ப் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதால், செயலியில் மாண்டேகுஸ் ஹாரியர், பேலிட் ஹாரியர், மார்ஷ் ஹாரியர் என்று தேடுங்கள்.

ஆண் சுலபம். மாண்டேகு சாம்பல் நிறம். இறக்கையின் மேல்புறம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடும். பேலிட் இன்னும் வெளுப்பு. கோடு கிடையாது, இறக்கை நுனியில் மட்டும் ஆப்பு வடிவக் கறுப்பு. மார்ஷ் இரண்டையும் விடப் பருமன். அதன் பெண்ணுக்கு உடல் காப்பிக்கொட்டை நிறம், தலை வெண்ணெய் நிறம்.

மாண்டேகு, பேலிட் இரண்டின் பெண்ணும் இளம் பறவையும்தான் சிக்கல். எல்லாமே பழுப்பு, எல்லாவற்றுக்கும் வால் தொடங்கும் இடத்தில், மேல்புறம் வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. முகத்தைப் பாருங்கள்: கறுத்த கன்னத்துக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டையும், அதை ஒட்டிக் கழுத்தோரம் கறுப்பும் இருந்தால் பேலிட். கழுத்துப்பட்டை இல்லாமல், கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகமாக இருந்தால் மாண்டேகு. முகம் தெரியவில்லையா? ஏதோ ஒரு ஹாரியர் என்றே பதியுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரை விட அது பயனுள்ள பதிவு.

7. பதிவு

பறவைகளைப் பதியும் இணையதளமான இபேர்டில் அடைவிடத்துக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தது என்று குறியுங்கள். அடைவிடத்தின் துல்லியமான இடத்தைப் பொதுக் குழுக்களில் போட வேண்டாம். அடுத்த வாரமே பத்து வண்டி வந்து நிற்கும். அரசு ஆவணங்களில் இந்த நிலங்களைத் தரிசு என்று எழுதிவைத்திருப்பதே அவற்றுக்குப் போதுமான ஆபத்து.

பின்சேர்க்கை 1: அடைய வரும் பறவைகளை எண்ணினால் எண்ணிக்கை உள்ளதை விடக் கூடிவிடுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். இறங்கிய பறவை மறுபடி எழுந்து, சுற்றி, வேறிடத்தில் இறங்கும். இறங்கியதைக் கூட்டுங்கள், எழுந்ததைக் கழியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினால் குழப்பம் வராது.

பின்சேர்க்கை 2: படத்தில் ஆண் பறவை வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். புல்லின் பின்னணியில், கேமராவின் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7க்குக் குறையுங்கள். அதே பறவை வானத்துக்கு ஏறிவிட்டால் +1க்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கறுப்பாகிவிடும்.