மருந்து போட்டால் பழைய எண்ணெய் புதிதாகாது

சென்ற மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். ஒப்பந்த வளர்ப்பை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தீவனம் அரைக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர். மிக்ஸர் புதிது, தராசு புதிது. கொட்டகைக்குப் பின்னால் மேற்கு வெயிலில் 4 எண்ணெய் டிரம்கள் நின்றன. ஒன்றுக்கு மூடிகூட இல்லை. கேட்டதற்கு, "ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்துவிடுகிறேன் அண்ணா, ஒன்றும் ஆகாது" என்றார். எண்ணெய் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து அது. 15 ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தையை நானும் சொன்னவன்தான்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் வாங்காதே, அளவைச் சரிபார் என்பதை எல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தீவனத்தில் சேர்க்கும் எண்ணெயிலும் மருந்திலும் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிக்கு வாடை எண்ணெய்

அந்த வருடம் சோயா எண்ணெய் விலை ஏறியிருந்தது. ஒரு வியாபாரி சுத்திகரிக்காத தவிட்டு எண்ணெயைக் கிலோவுக்கு 8 ரூபாய் குறைவாகத் தந்தார். முகர்ந்தபோதே லேசாகச் சிக்கு வாடை. டன்னுக்கு 125 கிராம் பி.எச்.டி. (BHT) என்ற ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டி, குஞ்சுகளுக்கு முதலில் கொடுக்கும் ஸ்டார்ட்டர் தீவனத்தில் டன்னுக்கு 30 கிலோ ஊற்றினேன்.

18-ஆம் நாள் சில குஞ்சுகள் தள்ளாடின. பக்கவாட்டில் விழுந்து, காலை உதைத்து, தலையைப் பின்னுக்கு வளைத்தன. வெள்ளைக்கழிச்சல் என்று பயந்து அதற்கான லசோட்டா தடுப்பு மருந்தை மறுபடியும் கொடுத்தேன். விழுவது நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். சிறுமூளை வீங்கி, குழைந்து, ரத்தப் புள்ளிகளோடு இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் எங்கே வாங்கினீர்கள்?"

வைட்டமின் இ பற்றாக்குறை. தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் கலவையான பிரிமிக்ஸில் அது போதிய அளவு இருந்தது. கெட்டுப்போன எண்ணெய் தீவனத்திலும் குடலிலும் அதை அழித்துவிட்டது. தண்ணீரில் வைட்டமின் இ கொடுத்தபின் லேசாகத் தள்ளாடியவை தேறின. விழுந்தவை எழவேயில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் தொடர்வினையை, தன்னைச் செலவழித்து இடையில் அறுப்பது. எண்ணெய் கெட்டதால் ஏற்கெனவே உண்டாகிவிட்ட பெராக்சைடுகளை அது திரும்ப எண்ணெயாக்காது. ஆகவே எண்ணெய் புதிதாக இருக்கும்போதே, டிரம்மில் அடைக்கும் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். மிக்ஸரில் கொட்டும்போது சேர்ப்பது மீதியிருக்கும் நல்ல பகுதியை மட்டும் காக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்றும் மலிவு எண்ணெயோடு ஆன்டிஆக்சிடன்ட் பொட்டலத்தையும் சேர்த்து விற்கிறார்கள், அதைச் சலுகை என்று நினைத்து வாங்குகிறார்கள்.

இன்னொரு ஏமாற்று, பெராக்சைடு எவ்வளவு என்று ஆய்வுச் சீட்டில் காட்டும் பெராக்சைடு எண். எண்ணெய் கெடக் கெட அது ஏறும். பிறகு பெராக்சைடுகளே உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறுவதால் இறங்கவும் செய்யும். மிகவும் பழைய எண்ணெய் காகிதத்தில் நல்ல எண்ணெய் போலவே தெரியும். அந்த ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் எண் எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். தவிட்டு எண்ணெயில் அமில எண் உயர்ந்திருப்பது வேறு கதை: நெல் அரைத்த உடனேயே தவிட்டிலுள்ள நொதி கொழுப்பைப் பிளக்கத் தொடங்கிவிடும். அதனால் எரிசக்தி குறையும், ஆனால் அது சிக்குப் பிடித்ததற்கு அடையாளம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். நான் அனுப்பாமல் மூக்கை நம்பினேன். அந்த மூக்கு சொன்னதையும் கேட்கவில்லை.

ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெய்

கூடவே கூடாது.

குஞ்சுக்கு மாட்டுக்கொழுப்பு, பாமாயில்

முதல் 2 வாரம் குஞ்சுக்குப் பித்தநீரும் லிபேஸ் நொதியும் குறைவாகவே சுரக்கும். கெட்டியான கொழுப்பில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். அந்த வயதில் சோயா எண்ணெய்தான். பாமாயிலைக் கடைசிக் கட்டத் தீவனமான பினிஷருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பைத் தண்ணீரோடு கலக்கச் செய்யும் லைசோலெசித்தின் போன்ற எமல்சிஃபையர் செரிமானத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

வாங்கிய தீவனத்தின் மேல் எண்ணெய் ஊற்றுவது

எடை ஏறும் என்று நினைக்கிறீர்கள். ஏறுவது வயிற்றுக்கொழுப்பு.

சாலினோமைசினும் டியாமுலினும்

இதிலும் கோழி விழும், அதனால்தான் இங்கே சொல்கிறேன். ரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சாலினோமைசின் என்ற மருந்து இருக்கும். கோழிக்குச் சளி என்று யாரோ சொல்ல, தண்ணீரில் டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பார்கள். டியாமுலின், கல்லீரல் சாலினோமைசினை உடைத்து வெளியேற்றும் வேலையைத் தடுத்துவிடும். வழக்கமான அளவே விஷமாகிவிடும். கோழி தீவனத்தைத் தொடாது, காலை இழுக்கும், அப்புறம் மொத்தமாகச் சாயும். சாலினோமைசினுக்குப் பதில் அதே வகை மருந்தான மொனென்சின், நராசின் இருந்தாலும் இதே கதிதான். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்காதீர்கள்.

கோலின் குளோரைடு

தீவனத்தில் சேர்க்கும் இந்தச் சத்தைப் பிரிமிக்ஸ் பைக்குள் போட்டு வைக்க வேண்டாம். ஈரத்தை இழுத்து வைட்டமின்களைக் கெடுக்கும். அரைக்கும் அன்று தனியாகச் சேருங்கள்.

எண்ணெய் ஊற்றும் நேரம்

மாவும் பிரிமிக்ஸும் உலர்ந்த நிலையில் நன்றாகக் கலந்த பிறகுதான் எண்ணெய். முதலிலேயே ஊற்றினால் பிரிமிக்ஸ் உருண்டை கட்டி, ஒரு குஞ்சுக்கு எல்லாம் போகும், பக்கத்துக் குஞ்சுக்கு எதுவும் போகாது. தீவனத்தை அழுத்திப் பெல்லட் போடுகிறவர்கள் எண்ணெயின் ஒரு பகுதியைப் பெல்லட்டின் மேல் தெளியுங்கள். முழுவதையும் மிக்ஸரில் ஊற்றினால் பெல்லட் உதிரும்.

அந்த உடுமலை இளைஞர் 3 டிரம்களை நிழலுக்கு மாற்றிவிட்டார். மூடியில்லாத நான்காவதை என்ன செய்வது என்று கேட்டார். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். எடுத்துக்கொள்ள மாட்டார் என்றார். என்னுடையதையும் அன்று யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.