பெரிய குழியா, சின்னக் குழியா? பாவித்த ரவைக் கோதுகளைப் பிரிக்கும் முறை

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் சல்லடை அறையில் நின்றவன் நான். அதனால்தானோ என்னவோ, கனடாவில் இருக்கும் அத்தான் ஒரு நாள் வீடியோ அழைப்பில் வாளி நிறையத் துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகளை, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் வெற்று உறைகளைக் காட்டி, "மச்சான், இதைப் பிரிக்க ஒரு வழி சொல்லு" என்றார். அவர் உரிமம் உள்ள கைத்துப்பாக்கிக் கழகக்காரர். சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கி, சொந்தப் பாவனைக்குத் திரும்ப நிரப்புவது அங்கே சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. இந்தக் குறிப்பும் அப்படிப்பட்ட நாடுகளில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்கும் நம் ஆட்களுக்குத்தான். இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டிலிருந்தே துப்பாக்கிக்குச் சட்டம் உண்டு. அதை விடுங்கள், பையில் ஒரு வெற்றுக் கோது கிடந்தால் சோதனைச் சாவடியில் என்ன கேள்வி வந்திருக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. காட்டிலோ வடிகானிலோ ரவை கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

வெடிமருந்தை எவ்வளவு போடுவது என்ற பேச்சு இதில் இல்லை. அதற்கு அளவுப் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்வது அதற்கு முந்திய வேலை: கோதைப் பிரிப்பது.

அத்தானுக்கு வந்த சிக்கல் இதுதான். கோதின் அடியில், நடுவில் ஒரு வட்டக் குழி இருக்கும். அதில்தான் பிரைமர், அதாவது தட்டினால் தீப்பொறி தரும் சின்ன மூடி, உட்காரும். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டும்போது தீப்பொறி பிறந்து, குழியின் அடியிலுள்ள சின்னத் துளை வழியாக உள்ளே போகிறது. .45 ஏ.சி.பி. என்ற கைத்துப்பாக்கி ரவையின் கோதுக்கு வழக்கமாகப் பெரிய பிரைமர், குழியின் அகலம் ஏறத்தாழ 5.3 மில்லிமீற்றர். ஆனால் ஈயமில்லாத பிரைமர்கள் வந்த பிறகு சில கம்பனிகள் அதே .45 கோதைச் சின்னக் குழியோடும் செய்யத் தொடங்கின. அது ஏறத்தாழ 4.45 மில்லிமீற்றர். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பெரிய பிரைமருக்கு அமைத்த பிரஸ்ஸில் (கோதைத் திரும்ப நிரப்பும் கைப்பிடிக் கருவி) சின்னக் குழிக் கோது ஒன்று நுழைந்தால் பிரைமர் உள்ளே போகாது. கைப்பிடியை ஓங்கி அமுக்கினால் அது நசுங்கி வெடிக்கவும் கூடும். மாறி நடந்தால், சின்னப் பிரைமர் பெரிய குழிக்குள் நிற்காமல் கீழே விழும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வாளியை ஒரு தட்டில் கொட்டி, சுடாத முழு ரவை ஏதும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இந்த மேசைக்கு உரியதல்ல, தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்து ஒரு காந்தம். பித்தளை ஒட்டாது, ஒட்டுவது இரும்புக் கோது, அதைக் கழியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டுங்கள். பாத்திரக் கடையில் கிண்ணத்துக்குள் கிண்ணம் இருப்பதுபோல .45க்குள் 9 மில்லிமீற்றர் கோது ஒளிந்திருக்கும். கவனிக்காமல் பிரஸ்ஸில் வைத்தால், பழைய பிரைமரை வெளியே தள்ளும் அதன் ஊசி முறியும்.

இனிப் பிரிப்பது. அத்தான் முதலில் ஒவ்வொரு கோதாகக் கையில் எடுத்து, அடியில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அது வேலைக்கு ஆகாது. ஒரே கம்பனி இரண்டு அளவிலும் செய்கிறது. ஃபெடரல் என்று கம்பனிப் பெயர் எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான் சொன்ன வழி சல்லடை அறை வழிதான். தூளை ஒவ்வொரு மணியாக யாரும் பார்ப்பதில்லை. பரப்பிவிட்டால், கூட்டத்தில் சேராதது தானே கண்ணில் படும். ஒரு பலகையில் ஐம்பது துளை போட்டு, கோதுகளை வாய் கீழே, அடி மேலே இருக்கும்படி நிறுத்தச் சொன்னேன். பழைய பிரைமர் இன்னும் குழிக்குள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மேசை விளக்கைச் சரித்து வைத்து மேலிருந்து பார்த்தால், பெரிய வட்டங்களுக்கு நடுவே சின்ன வட்டங்கள் அம்மைத் தழும்புபோல் தெரியும். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம், வரிசையில் நின்றால் தப்பாது. கைக்குள் இருந்தால் தப்பிவிடும். அன்று முதல் பலகையிலேயே அத்தான் ஐந்தைப் பிடித்தார், அதில் இரண்டு அவர் ஏற்கெனவே "பார்த்துவிட்டேன்" என்று ஒதுக்கிய குவியலில் இருந்து வந்தவை!

பழைய பிரைமரை வெளியே தள்ளிய பிறகு இரண்டாம் சல்லடை. 5 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டின் வழுவழுப்பான அடிப்பக்கத்தைக் குழியில் வைத்துப் பாருங்கள். பெரிய குழியில் இறங்கும், சின்னதில் இறங்கவே இறங்காது. வேர்னியர் அளவுகோல் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். இந்த ஒரு பிட் போதும்.

பிரைமரைத் தள்ளும்போது ஊசி இறங்காமல் முட்டினால் நிறுத்துங்கள். உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை என்றால் பொக்ஸர் வகை, நமக்கு வேண்டியது அதுதான். ஓரமாக இரண்டு பொடித் துளை என்றால் பெர்டான் வகை, ஒதுக்கிவிடலாம். இராணுவத்துக்குச் செய்த கோதுகளில் பிரைமரைச் சுற்றி விளிம்பை அமுக்கி இறுக்கியிருப்பார்கள். குறிப்பாக 9 மில்லிமீற்றரில் இது நிறைய. அந்த விளிம்பைச் சீவி எடுக்கும் கருவி இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றைத் தனி டப்பாவில் போட்டு மறந்துவிடுவதே நல்லது.

கழுவுவது எளிது: வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிற்றிக் அமிலம். அக்கா குத்துவிளக்குக்குப் புளி போடுவதும் இதே காரணத்துக்குத்தான். புளிப்பு கறையைத் தின்னும். அதிக நேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தையும் தின்று, பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். அமோனியா கலந்த பொலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பித்தளையை உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடச் செய்யும். இன்னொன்று, பழைய பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அத்தான் அக்காவின் அரிசி களையும் சட்டியை எடுத்துக்கொண்டு போய் என்ன வாங்கினார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

கழுவி உலர்ந்ததும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சின்னக் குழிக் கோதுகளை எறிய வேண்டாம், அவையும் நல்ல கோதுகள்தான். நாலைந்நூறு சேர்ந்ததும் பிரஸ்ஸைச் சின்னப் பிரைமருக்கு மாற்றி ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அத்தான் இரண்டு மைலோ டின் வைத்திருக்கிறார். ஒன்றில் "பெ", மற்றதில் "சி" என்று மார்க்கரால் எழுதியிருக்கிறார்.

அப்புறம், இவ்வளவு பிரித்தும் ஒன்றிரண்டு தப்பும். புதுப் பிரைமர் வைக்கும்போது கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இறுகினால், அமுக்காதீர்கள். கோதை வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். வழக்கத்தைவிட லேசாக, விரலாலேயே தள்ளலாம் போலப் பிரைமர் நுழைந்தால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது, அதையும் கழிவு டின்னில் போடுங்கள். சரியாக உட்கார்ந்த பிரைமர் கோதின் அடியோடு மட்டமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்கும். மேசையில் நிறுத்தினால் ஆடாமல் நிற்கும்.