மூன்றாம் வேட்பாளரின் கருத்துக்கணிப்பை மாநிலம் மாநிலமாகப் படிப்பது எப்படி?

பூவிலேயே மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிறவர் சாலையில் நின்று விலை சொல்லமாட்டார். மரம் மரமாக நடப்பார். காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டிக்குக் கணக்கு எழுதும் நான், அமெரிக்க அதிபர் தேர்தலில் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களைத் தவிர்த்து நிற்கும் மூன்றாமவர் குறித்து வரும் ஆரம்பக் கணிப்புகளையும் அப்படித்தான் படிக்கிறேன்.

1992 ஜூனில் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் மூன்றாமவரான ராஸ் பெரோவுக்கு 39 சதவீதம், புஷ்ஷுக்கு 31, கிளிண்டனுக்கு 25. நவம்பரில் பெரோ வாங்கியது 18.9. ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் குழு வாக்குகள்தான்; அவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. 1968இல் மூன்றாமவராக நின்ற ஜார்ஜ் வாலஸோ 13.5 சதவீதம்தான் பெற்றார். ஐந்து தென்மாநிலங்களை வென்று 46 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். பெரோவின் ஆதரவு நாடெங்கும் பரவிக் கிடந்தது, வாலஸின் ஆதரவு ஓரிடத்தில் குவிந்திருந்தது.

ஆகவே நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு ஆறு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாநிலம், அதன் தேர்வாளர் வாக்குகள், கணிப்பு எடுத்த தேதி, எத்தனை பேரைக் கேட்டார்கள், மூன்றாமவரின் சதவீதம், முதலிடத்தில் இருப்பவரின் சதவீதம். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். 48 மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போகின்றன. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கின்றன. 1992இல் மெய்னில் பெரோ 30 சதவீதம் வாங்கி புஷ்ஷையே முந்தினார். ஆனாலும் இரண்டாமிடம்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்ற பா.ம.க. ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓரிடமும் பெறவில்லை. அதன் முதல்வர் வேட்பாளர் அன்புமணி பென்னாகரத்தில் இரண்டாமிடம் வந்தார்.

அடுத்து, கேட்டவர் எண்ணிக்கை. 600 பேரைக் கேட்டிருந்தால் ஏறக்குறைய நான்கு புள்ளி மேலோ கீழோ போகலாம்; 14க்கும் 17க்கும் வித்தியாசம் பேசாதீர்கள். நாடு தழுவிய கணிப்பை உடைத்து மாநிலத்துக்கு எண் எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. ஆயிரம் பேரைக் கேட்டால் மெய்ன்காரர்கள் நான்கு பேர் இருப்பார்கள். நான்கு காயை முகர்ந்து ஒரு லாரிக்கு விலை வைப்பதா?

வாக்குச்சீட்டில் அவர் பெயர் வருமா என்பதையும் பாருங்கள். கையெழுத்து திரட்டும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெயர் வராத மாநிலத்தை அடித்துவிடுங்கள்.

பிறகு கழிவு. மண்டியில் கழிவு போடாமல் எடை எழுதுவதில்லை. 1980 கோடையில் மூன்றாமவராக நின்ற ஜான் ஆண்டர்சன் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தார், முடிவில் 6.6. நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சனுக்கு அந்த மாநிலத்திலேயே 2016 அக்டோபர் தொடக்கத்தில் வெளியான கணிப்பொன்றில் 24 இருந்தது, கிடைத்தது 9.3. ராபர்ட் கென்னடி ஜூனியர் 2023 இறுதியில் சில கணிப்புகளில் 20ஐத் தொட்டார். 2024 ஆகஸ்ட் 23 அன்று பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார். ஆரம்ப எண்ணில் பாதியை எடுத்துவிட்டு, மீதியை முதலிடத்தவரின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். சொந்த மாநிலம் என்றாலும் சலுகை காட்டாதீர்கள்.

கழிவு போடுவதால் அந்த ஆரம்ப எண் பொய் என்று ஆகிவிடாது. இரண்டு பேருமே வேண்டாம் என்று லட்சக்கணக்கானோர் வாய்விட்டுச் சொல்வது பெரிய விஷயம். அதைக் கேலி செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். அந்த மனக்குறை எந்த மாநிலத்தில் அடர்த்தியாக இருக்கிறது என்பதைக் காட்டும் என்பதற்காகவே இத்தனை பத்திகள் போடுகிறேன்.

புதுக் கணிப்பு வந்தால் பழைய வரியை அழிக்காமல் கீழே எழுதுங்கள். 1992இல் பெரோ ஜூலை 16 அன்று விலகி, அக்டோபர் 1 அன்று திரும்பியபோது கணிப்புகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தார். அங்கிருந்து ஒரே மாதத்தில் 18.9க்கு ஏறினார். ஜூன் வரியும் அக்டோபர் வரியும் ஒரே பத்தியில் இருந்தால்தான் அந்த இறக்கமும் ஏற்றமும் கண்ணில் படும்.